ஹோம் தியேட்டருக்கு எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்?

கோத்தகிரியில் என் அக்கா வீட்டில் போன ஐப்பசியில் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார்கள். 7.1 செட். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு, மூலையில் அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபர். பசுந்தேயிலைக்கு ஓரளவு நல்ல விலை கிடைத்த மாதம் அது. மாமா கோயம்புத்தூர் வரை போய்க் கேட்டுப் பார்த்து வாங்கி வந்திருந்தார். வயர் எல்லாம் இழுத்து முடித்து, வீடே கூடி உட்கார்ந்து ஒரு படம் போட்டோம். வெளியே வடகிழக்குப் பருவமழை, தலைக்கு மேலே தகரக் கூரை. கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்த அம்மா, "அந்தப் பையன் என்ன பேசுகிறான் என்று உங்களுக்காவது புரிகிறதா?" என்று கேட்டார்.

எங்களுக்கும் புரியவில்லை. சண்டை வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கார் வலமிருந்து இடமாகப் பறந்தது, வசனம் மட்டும் மழைக்குள் மூழ்கிவிட்டது.

குன்னூரில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. "5.1 போதுமா, 7.1 வாங்கலாமா? இப்போது கூரையிலும் வைக்கிறார்களாமே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயங்கள்: அறையின் நீள அகலம் என்ன, சோபா சுவரை ஒட்டி இருக்கிறதா தள்ளி இருக்கிறதா, கூரை சமமா சாய்வா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் எண்ணைச் சொல்ல முடியும். ஏன் என்பதை, இந்தத் துறையில் எதுவும் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சேனல் என்றால் என்ன? பலர் சேனலையும் ஸ்பீக்கரையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். சேனல் என்பது ஒரு திசைக்கென்று தனியாகப் பதிவு செய்த ஒலி. ஸ்பீக்கர் என்பது அதை ஒலிக்கும் பெட்டி. திரையரங்கில் இரு பக்கச் சுவர்களிலும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 5.1 முறையில் ஓடும் படத்துக்கு இடப்பக்கப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரே சேனல், வலப்பக்கம் எல்லாம் சேர்ந்து இன்னொன்று. நூறு பேர் உட்காரும் கூடம் என்பதால் அத்தனை பெட்டி தேவைப்படுகிறது. நான்கு பேர் உட்காரும் வீட்டில் ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி தாராளம்.

வாங்கும் அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5.1.2 என்று இருந்தால், முதல் எண் காது மட்டத்தில் நம்மைச் சுற்றி நிற்கும் சேனல்கள். நடுவில் இருப்பது சப்வூஃபர். கடைசி எண் தலைக்கு மேலே உள்ளவை. நடு எண்ணை ஏன் "புள்ளி ஒன்று" என்கிறார்கள் என்றால், படத்தில் அதற்கென வரும் தனிச் சேனல் சுமார் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 அதிர்வு, வரையிலான அடித்தொனியை மட்டுமே சுமக்கிறது. இடி, வெடி, நிலநடுக்கம், யானை நடை போன்றவை அதில் இருக்கும். முழுச் சேனல் அல்ல, ஒரு துண்டுதான் என்பதைக் காட்டவே அந்தப் புள்ளி.

இனி காதுக்கு வருவோம். எத்தனை சேனல் வேண்டும் என்பதைக் கம்பெனிகளுக்கு முன்பே நம் காது முடிவு செய்து வைத்திருக்கிறது.

நமக்கு இரண்டு காதுகள். வலப்பக்கத்தில் ஒருவர் கை தட்டினால் அந்த ஒலி வலது காதுக்கு முதலில் வந்து, இடது காதுக்குச் சற்றுத் தாமதமாகச் சேர்கிறது. அந்தத் தாமதம் எவ்வளவு அதிகமானாலும் ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்கைத் தாண்டாது. அதை வைத்தும், தலை மறைப்பதால் ஒரு காதில் ஒலி குறைவதை வைத்தும், மூளை திசையைக் கணித்துவிடுகிறது. இந்தக் கணிப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கூர்மையாக இல்லை. நேர் முன்னால் ஒலி ஒரு பாகை அளவு நகர்ந்தாலே நம்மால் கண்டுபிடிக்க முடியும். பக்கவாட்டிலோ பத்துப் பாகை நகர்ந்தாலும் பல நேரம் தெரிவதில்லை. முன்னால் வரும் ஒலியையும் பின்னால் வரும் ஒலியையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. அப்போது நம்மை அறியாமல் தலையைச் சற்றுத் திருப்பித்தான் தெளிவு பெறுகிறோம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். ஒரு குழந்தையிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து அறையின் வெவ்வேறு இடங்களில் நின்று குலுக்கச் சொல்லுங்கள். முன்னால் நிற்கும்போது விரலை நேராகச் சாவியை நோக்கியே நீட்டுவீர்கள். தோளுக்குப் பின்னால் போனதும் "இந்தப் பக்கம் எங்கேயோ" என்பதோடு சரி. 5.1இல் ஐந்தில் மூன்று முன்னால் இருப்பதற்குக் காரணம் இதுதான். பின்பக்கத்துக்குப் பெட்டி சேர்த்துக்கொண்டே போனால் பயன் வேகமாகக் குறைவதற்கும் இதுவே காரணம்.

ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோவுக்கு 1931இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்று வீட்டிலுள்ள ஒலி அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி ஒரே அளவில் வந்தால், நடுவில் யாரோ நின்று பாடுவது போலத் தோன்றும். அந்த நடுவிடத்தில் பெட்டி எதுவும் இல்லை, மூளை செய்யும் வேலை அது. பாட்டு கேட்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. நம் தமிழ்ப் பாடல்களின் பெரும்பகுதி ஸ்டீரியோவாகவோ அதற்கும் முந்தைய மோனோவாகவோ (ஒரே சேனல்) பதிவானவை. பாட்டுக்காக மட்டும் வாங்குகிறவர் ஐந்து சுமாரான பெட்டிகளின் விலைக்கு இரண்டு நல்ல பெட்டிகளை வாங்குவதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

படத்துக்கு ஸ்டீரியோவில் ஒரு குறை உண்டு. நடுவில் தோன்றும் அந்தக் குரல், சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே நடுவில் இருக்கும். சோபாவின் இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்து சேர்வதால், குரல் அப்படியே இடது பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் ஆள் நடுவில் நிற்கிறார், குரல் ஓரத்திலிருந்து வருகிறது. இதற்கு மருந்துதான் சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு சேனலில்தான் வைக்கப்படுகிறது. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் குரல் திரையிலிருந்தே வரும்.

ஆகவே ஒரு வீட்டில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் பெட்டி சென்டர். நான் பார்த்த வீடுகளில் மிக மோசமாக நடத்தப்படுவதும் அதுதான். டிவி அலமாரியின் உள்ளே தள்ளி, முன்னால் ரிமோட்டும் பூச்சாடியும் வைத்து, முழங்கால் உயரத்தில் தரையைப் பார்த்தபடி கிடக்கும். அலமாரிக்குள் வைத்தால் குரல் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போல மங்கும். அலமாரியின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, அடியில் ஒரு சிறிய கட்டை கொடுத்து, முகம் நம் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினாலே பாதி வசனம் திரும்பி வந்துவிடும். அக்கா வீட்டில் நான் முதலில் செய்த வேலை அதுதான். ஒரு ரூபாய் செலவில்லை.

இடது, வலது ஸ்பீக்கர்கள் நம் இருக்கையிலிருந்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 பாகைக்குள் நிற்க வேண்டும். பாகைமானி தேவையில்லை. டிவிக்கும் நமக்கும் ஒன்பதடி என்றால், இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஏழரை அடியிலிருந்து பத்தடி வரை இருக்கட்டும். பெட்டிக்குள் கீச்சுத் தொனியைத் தரும் சிறிய ஒலிப்பான், அதாவது டுவீட்டர், காது உயரத்தில் வரட்டும்.

5.1இன் மிச்சம் இரண்டும் சரவுண்ட். 5.1 திரையரங்குகளில் டிஜிட்டலாக நிலைபெறத் தொடங்கியது 1992இல். இத்தனை ஆண்டு கழித்தும் படங்களின் அடிப்படை வடிவமாக அதுவே இருக்கிறது. சரவுண்ட் பெட்டிகளைப் பின்சுவரின் இரு மூலைகளில் மாட்டுவதுதான் வழக்கமாகிவிட்டது. அது தவறு. அவற்றின் இடம் நம் தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், அதாவது நேர் முன்னாலிருந்து அளந்தால் சுமார் 110 பாகை. காது உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. காதை நேராகக் குத்தாமல் அறையை நிரப்ப வேண்டும். மழை, காட்டின் பூச்சிச் சத்தம், சந்தைக் கூட்டம், விளையாட்டு மைதானத்தின் ஆரவாரம் ஆகியவற்றை அவை சுமக்கின்றன. படம் பார்க்கும்போது "பின்னால் ஸ்பீக்கர் இருக்கிறது" என்ற நினைவே வரக்கூடாது. வந்தால் சத்தம் அதிகம் அல்லது பெட்டி மிக அருகில் என்று பொருள்.

7.1 என்றால் இரண்டு பக்கத்தில், இரண்டு முதுகுக்குப் பின்னால். பின்னிரண்டும் 135 முதல் 150 பாகையில் இருக்க வேண்டும். அப்படியானால் இருக்கைக்கும் பின்சுவருக்கும் இடையே குறைந்தது நான்கைந்து அடி காலி இடம் வேண்டும். எத்தனை வீட்டில் அது இருக்கிறது? நம் மலை வீடுகளின் கூடம் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு, பத்துக்குப் பதினான்கு. குளிருக்குப் பெரிய அறை ஆகாது என்று கட்டியவை. சோபா சுவரோடு ஒட்டியிருக்கும். அங்கே பின் ஸ்பீக்கரை மாட்டினால் அது பிடரிக்கு அரை அடி தூரத்தில் நின்று காதுக்குள் இரையும். அக்கா வீட்டில் நடந்தது சரியாக இதுதான். நான்கு சரவுண்ட் பெட்டிகளும் சோபாவை நெருக்கிக்கொண்டு நின்றன. முன்னால் ஒன்பதடி தூரத்திலிருந்து வந்த வசனத்தை, அருகே நின்ற நான்கும் சேர்ந்து அமுக்கிவிட்டன. பின்பக்கம் தாராளமாக இடம் இருக்கும் நீண்ட கூடத்தில், இரண்டு வரிசை நாற்காலி போடுகிறவர்களுக்கு, 7.1 நல்ல பலன் தரும். மற்றவர்களுக்கு அந்த இரண்டும் தேவையில்லை.

தலைக்கு மேலே வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இந்த ஊரின் வீட்டுக்கும் அதற்கும் ஒரு தகராறு இருக்கிறது.

டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குகளுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளில் வீட்டுக்கும் வந்துவிட்டது. இதில் ஒலியைச் சேனலுக்கு என்று மட்டும் எழுதாமல், "இந்த ஹெலிகாப்டர் இப்போது இங்கே, அடுத்த நொடி அங்கே" என்று இடக்குறிப்போடு தனிப் பொருளாகவும் பதிகிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை பெட்டி இருக்கிறதோ அதற்கு ஏற்ப ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர், பங்கிட்டுக் கொடுக்கும். வீட்டுக்கான உச்ச எண்ணிக்கை 24.1.10. அதாவது காது மட்டத்தில் 24, மேலே 10. அந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பங்கிடுவது ரிசீவரின் வேலை என்பதால், ஏழு பெட்டிக்காரர் வீட்டிலும் அதே படம் ஓடும்.

கூரையில் துளையிட விரும்பாதவர்களுக்காக மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் வந்திருக்கின்றன. முன்பக்கப் பெட்டியின் தலையில் உட்கார்ந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒலிக்கும். ஒலி கூரையில் பட்டுத் தெறித்து நம்மிடம் வரும்போது மேலிருந்து வருவது போல இருக்கும்.

இது எப்படி என்று புரிய, குன்னூருக்குக் கீழே ரன்னிமேடு பக்கம் ஒரு காலைப்பொழுதில் நின்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் பல்சக்கரத்தில் ஏறி வருகிறது. நீராவி என்ஜின் ஒரு வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கும்போது ஊதினால், ஊதல் எதிர்ச்சரிவிலிருந்து வருவது போலக் கேட்கும். ரயில் இந்தப் பக்கம், சத்தம் அந்தப் பக்கம். நேர் ஒலியை மலை மறைத்துவிட்டது, எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பியது மட்டும் நம்மை வந்து சேர்கிறது, காது அதையே நம்புகிறது. வளைவைத் தாண்டி என்ஜின் கண்ணுக்குத் தெரிந்த அடுத்த ஊதலில் திசை சட்டென்று சரியாகிவிடும். சிறு வயதில் இதைக் கேட்பதற்காகவே பள்ளிக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். மேல்நோக்கும் ஸ்பீக்கரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நேர் ஒலியை முடிந்தவரை மறைத்து, எதிரொலியை மட்டும் நமக்கு அனுப்புகிறது.

அதற்கு ஒரே நிபந்தனை: பட்டுத் தெறிக்கும் பரப்பு சமமாக, கடினமாக, உயரம் அதிகமில்லாமல் இருக்க வேண்டும். ஏழரை அடியிலிருந்து பன்னிரண்டு அடி வரை உத்தமம். கான்கிரீட் தளம் போட்ட புது வீடுகளில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மழைக்காகச் சாய்த்துக் கட்டிய தகரக் கூரையிலும் ஓட்டுக் கூரையிலும், தெறிக்கும் ஒலி நம் தலைக்கு வராமல் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும். பழைய பங்களாக்களின் உயர்ந்த கூரையிலும் இதே கதை. கூரையின் கீழே சமமாகப் பலகை அடித்திருந்தால் ஓரளவு பலன் உண்டு. மெத்தென்ற ஒலித்தடுப்புப் பலகை என்றால் அது ஒலியை விழுங்கிவிடும். சாய்வுக் கூரை வீட்டுக்காரர் யாராவது மேல்நோக்கும் ஸ்பீக்கர் கேட்டால் நான் வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். மேலே ஒலி வேண்டும் என்ற ஆசை இருந்தால், இரண்டு சிறிய பெட்டிகளை உத்தரத்திலோ பக்கச் சுவரின் உச்சியிலோ இருக்கையை நோக்கி மாட்டிவிடலாம். அது நேராகவே கேட்கும்.

ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. ஏழு சேனல் ரிசீவர் ஒன்றையே 7.1 ஆகவும் வைக்கலாம், 5.1.2 ஆகவும் வைக்கலாம். சோபா சுவரை ஒட்டியிருக்கும் சிறிய அறைக்கு, கைவசம் உள்ள கடைசி இரண்டு பெட்டிகளைப் பின்னால் வைப்பதைவிட மேலே வைப்பது எவ்வளவோ மேல். பின்னால் இடமில்லை, மேலே இருக்கிறது.

இவ்வளவு சேனலுக்கும் ஏற்ற ஒலி வீட்டுக்கு வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிளில் வரும் டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஸ்டீரியோ. யூடியூபும் பெரும்பாலும் அப்படியே. ஓடிடி தளங்களில் புதிய படங்களுக்கு 5.1 கிடைக்கிறது. அட்மாஸ் கிடைத்தாலும் அது 5.1 அடித்தளத்தோடு இடக்குறிப்புகள் சேர்ந்து வருவதுதான். முழுமையான 7.1 வேண்டுமானால் புளூரே வட்டுக்குப் போக வேண்டும். ஸ்டீரியோவை ரிசீவர் ஐந்தாகவோ ஏழாகவோ விரித்துக் கொடுக்கும், சில படங்களுக்கு அது இனிமையாகவும் இருக்கும். ஆனால் பதிவில் இல்லாததை அது ஊகித்துத் தருகிறது என்பது நினைவிருக்கட்டும்.

டிவியின் ஒலி அமைப்பில் வெளியீடு "பிசிஎம்" என்று இருந்தால், பல டிவிகள் எல்லாவற்றையும் இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் அனுப்பும். "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "பாஸ்த்ரூ" என்று மாற்றுங்கள். ஆப்டிக்கல் வயர் பழைய டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் தாங்கும், ஓடிடியின் அட்மாஸ் அதில் போகாது. அதற்குப் பதில் எச்டிஎம்ஐ வயரை எடுத்து, டிவியிலும் ரிசீவரிலும் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். எட்டு மாதம் 5.1 கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியிருந்த ஒருவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அத்தனை நாளும் ஸ்டீரியோதான் ஓடியிருக்கிறது.

சப்வூஃபருக்கு வருவோம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தொனிக்குத் திசை கண்டுபிடிப்பது காதுக்கு மிகக் கடினம். அதனால்தான் ஒரே சப்வூஃபர் எல்லாத் திசைக்கும் போதும் என்கிறோம். திசை முக்கியமில்லை என்பதால் இடமும் முக்கியமில்லை என்று எண்ணிவிடக்கூடாது. பதினான்கு அடி நீள அறையில் சுமார் 40 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவருக்கும் இடையே முட்டி முட்டி நின்றுவிடும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்தத் தொனி பூதாகாரமாகக் கேட்கும். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தால் அதுவே காணாமல் போகும். ஒரே அறை, ஒரே பெட்டி, இரண்டு நாற்காலிக்கு இரண்டு விதமான அனுபவம்.

அக்கா வீட்டில் இதைச் செய்து காட்டினேன். சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில், அம்மா உட்காரும் இடத்தில் வைத்தோம். தொடர்ந்து அடித்தொனி வரும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, மாமாவைச் சுவர் ஓரமாகக் குனிந்தபடி நடக்கச் சொன்னேன். ஜன்னல் மூலையில் ஒரே இரைச்சல். கதவருகே ஒன்றுமே இல்லை. டிவிக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி வந்ததும் நின்றுவிட்டார். "இங்கே ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது" என்றார். அங்கேதான் சப்வூஃபர் இப்போது இருக்கிறது. எங்கே நின்று கேட்டால் சீராக இருக்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்தாலும் அதே சீர் கிடைக்கும். பழைய வீடுகளின் பலகைத் தரையில் சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் தரையே ஒரு ஸ்பீக்கராகிவிடும்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஊட்டியில் ஒலி மெதுவாகப் போகுமா என்று கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒலியின் வேகம் உயரத்தைப் பொறுத்து மாறுவதில்லை, வெப்பநிலையைப் பொறுத்தே மாறுகிறது. 12 டிகிரி குளிரில் நொடிக்கு ஏறக்குறைய 338 மீட்டர், 32 டிகிரி வெயிலில் 350. ஒன்பதடி தூரத்துக்கு இதனால் வரும் வித்தியாசம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது ஈரம். ஆடி, ஐப்பசி மாதங்களில் வெளிச்சுவர் வியர்க்கும். அதில் ஒட்டி மாட்டிய ஸ்பீக்கரின் காகிதக் கோன் நமுத்துப் பூசணம் பூத்து என் மேசைக்கு வருவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். செம்புக் கம்பியின் நுனி பச்சை பிடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முறுக்கிச் செருகுங்கள். அப்படிச் செருகும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் அடித்தொனி கரைந்து, நடுவில் நிற்க வேண்டிய பாடகர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போவார்.

வாட் கணக்கைப் பற்றி ஒரு வரி. பெட்டியில் பிஎம்பிஓ (கணநேர உச்சம்) என்று போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேளுங்கள். அதையும் இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது மூன்று டெசிபெல் கூடுதல்தான், காதுக்கு அது "சற்று அதிகம்" என்ற அளவே.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். அதை இருக்கையில், காது உயரத்தில் நிறுத்தினால், ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் அளவையும் ரிசீவர் தானே அளந்து சரி செய்துகொள்ளும். பலர் இந்த மைக்கைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை. தகரக் கூரைக்காரர்கள் மழை ஓய்ந்த நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், மழைச் சத்தம் அளவைக் குழப்பும். அது முடிந்த பிறகு சென்டரை மட்டும் கையால் இரண்டு டெசிபெல் உயர்த்திக்கொள்ளுங்கள். மழைக்காலத்து வசனத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கூரைக்கும் கூடத்துக்கும் இடையே பலகை அடிக்க வசதி உள்ளவர்கள், இன்னும் இரண்டு ஸ்பீக்கருக்குச் செலவிடுவதற்கு முன் அதைச் செய்யட்டும்.

ஆக, கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. பத்துக்குப் பத்து அறை, சுவரை ஒட்டிய சோபா, பெரும்பாலும் செய்தியும் சீரியலும் வாரம் ஒரு படமும் என்றால் 3.1 போதும், முன் மூன்றையும் நல்லதாக வாங்குங்கள். பத்துக்குப் பதினான்கு, சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுக்க முடியும் என்றால் 5.1. அதே அறைக்குச் சமதளக் கூரையும் இருந்து, ஓடிடியில் நிறையப் படம் பார்ப்பவர் என்றால் 5.1.2. பதினைந்துக்கு இருபது அடி கூடம், இருக்கைக்குப் பின்னால் இடம், தங்கும் விடுதியில் விருந்தினருக்கென்று தனி அறை, இப்படியானவர்களுக்கு 7.1 அல்லது 5.1.4. அதற்கு மேலே கேட்பவரிடம் அறையை நேரில் வந்து பார்க்கிறேன் என்பேன். வயர் இழுக்கவே முடியாத வாடகை வீட்டில் இருப்பவர், தனி சப்வூஃபரோடு வரும் சவுண்ட்பார் வாங்குவதில் குறையொன்றும் இல்லை. அதிலும் சென்டருக்குத் தனி ஒலிப்பான் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அக்கா வீட்டில் சோபாவை மூன்றடி முன்னால் இழுத்தோம். பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றி, பக்கத்தில் இருந்த இரண்டையும் தோளுக்குப் பின்னால் தள்ளி உயர்த்தி மாட்டினோம். ரிசீவரில் 5.1 என்று மாற்றி, மறுநாள் காலை மழை விட்டிருந்தபோது மைக் வைத்து அளந்தோம். அன்று இரவு மீண்டும் நல்ல மழை. அதே படத்தை முதலிலிருந்து போட்டோம். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். இடையில் ஒரே ஒரு முறைதான் பேசினார். வீட்டை விற்கப் போகிறேன் என்று திரையில் மகன் சொன்னபோது, "அப்படிச் சொல்லாதேடா" என்றார்.

கழற்றிய இரண்டு பெட்டிகளும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றோடு இப்போது அடுப்படிக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போகும் முன் மாமா அதில் பாட்டு கேட்கிறார்.